ஒவ்வொருத்தரா எறங்குங்க

வண்டியில் ஏறுகிறவர்களை விருத்தாசலம் கண்ணாடியில் பார்ப்பதில்லை. டிரைவர் சீட்டில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, மாப்பிள்ளை பார்க்கப் போன தாய்மாமனைப் போல ஒவ்வொரு முகமாக நிதானமாகப் பார்ப்பார். பார்த்து முடித்து, தனக்குள் ஏதோ முணுமுணுத்த பிறகுதான் "சுத்துடா" என்று கிளீனர் பூமாலைக்கு உத்தரவு பிறக்கும். பூமாலை முன்பு ரயிலடியில் மூட்டை தூக்கியவன். வண்டியின் மூக்கில் இரும்பு ஹாண்டிலைச் செருகி ஒரு சுற்றுச் சுற்றினால் இன்ஜின் உறுமிக்கொண்டு கிளம்பிவிடும்.

கிளம்பாவிட்டால் குற்றம் இன்ஜினுடையது அல்ல, ஏறியவர்களில் யாரோ ஒருவருடையது. இதுதான் விருத்தாசலத்தின் சித்தாந்தம். "மிசினு பொய் சொல்லாதுங்க. மனுசன் ராசிதான் இடிக்கும்" என்பார். ஒருமுறை மயிலம் பக்கத்தில் வண்டி நின்றபோது, முன்சீட்டில் தும்மிய தாலுகா கச்சேரி குமாஸ்தாவை முதலில் இறக்கிவிட்டார். அப்புறம்தான் டாங்கில் குச்சி விட்டுப் பார்த்தார். குச்சி ஈரமில்லாமல் வந்தது. பெட்ரோல் ஊற்றியதும் வண்டி ஓடியது. குமாஸ்தா இறங்கியதால்தான் ஓடியது என்று இன்றைக்கும் சாதிக்கிறார்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஓடுகிற இந்த பஸ்ஸை லட்சுமியம்மாளின் கணவர் சென்னையில் பழசாக வாங்கிவந்தார். அவர் முப்பத்தைந்து வயதில் காலமானபோது, வண்டியை விற்றுவிட்டு வீட்டோடு கிடக்கச் சொன்ன பங்காளிகளை அம்மாள் வாசலோடு திருப்பி அனுப்பினார். அன்று முதல் பஸ்ஸையும் விருத்தாசலத்தையும் சேர்த்துக் கட்டி மேய்ப்பவர் அவர்தான். பின்கதவு கயிற்றால் கட்டிக் கிடக்கிறது. ஹாரனை அமுக்கினால் சளி பிடித்த ஆடு கத்துகிறது. ஆனாலும் விருத்தாசலத்துக்கு அது "நம்ம பொண்ணு." ஆயுத பூசை வந்தால் சொந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டமாட்டார். தன் கையாலேயே சந்தனம் அரைத்து, சக்கரம் முதல் ரேடியேட்டர் சல்லடை வரை பொட்டு வைத்து முடிக்க அவருக்கு ராத்திரி ஆகிவிடும்.

போன விஜயதசமியன்று காலையில் லட்சுமியம்மாளே வண்டியில் ஏறினார். மாயவரத்தில் பேத்திக்குக் காதுகுத்து. திண்டிவனத்தில் நிற்காத ரயில், விழுப்புரம் போய்த்தான் பிடிக்க வேண்டும். அவருக்குப் பின்சீட்டில் கண்டாச்சிபுரத்து மல்லாட்டை வியாபாரி ராஜாமணி உட்கார்ந்திருந்தார். இன்ஜினைக் கழற்றிக்கொண்டுபோய் வேர்க்கடலைத் தோல் உடைக்கிற மிஷினுக்குப் பூட்ட வேண்டும் என்று அவர் ஆறு மாதமாக அம்மாளைச் சுற்றி வருகிறார். அம்மாளும் ஒரு முடிவோடுதான் வந்திருந்தார். "இதபாரு விருத்தாசலம், இன்னைக்கு ரயில உட்டுட்டேன்னா இன்ஜினு இவருக்குத்தான். இனிமே பேச்சே கெடயாது."

நம்ம பொண்ணு மல்லாட்டை உடைப்பதா? விருத்தாசலம் சட்டென்று திரும்பி உட்கார்ந்தார். முகங்களைப் பார்த்தார். முணுமுணுத்தார். பூமாலை சுற்றினான். இன்ஜின் கடகடவென்று சுழன்றது, பற்றவில்லை. மறுபடி சுற்றினான். மறுபடியும் கடகடதான்.

"மல்லாட்டைக்காரரே, செத்த எறங்குங்க."

"நானா? நான் இன்னாய்யா பண்ணேன்?"

"நீங்க வாங்க வந்தவரு. பொண்ணுக்குத் தெரிஞ்சிபோச்சி."

ராஜாமணியை இறக்குவதில் விருத்தாசலத்துக்கு இருந்த சந்தோஷம் வண்டிக்கு இல்லை. அடுத்து கருவாட்டுக் கூடையோடு அஞ்சம்மாள். "எங் கருவாடு உன் வண்டிய கடிச்சிடுச்சா? டெய்லி இதுலதானய்யா போய்க்கினு வந்துக்கினு கீறேன்!" என்று கத்திக்கொண்டே இறங்கினாள். சீவாளியை ஊதிப் பார்த்த குற்றத்துக்காக ஒரு நாதசுரக்காரர் இறங்கினார். பிறகு யார் எதற்காக என்ற விசாரணையே இல்லாமல் மற்றவர்களும் இறங்கி ரோட்டில் நின்றார்கள்.

பூமாலையின் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. "அண்ணே, தோளு கழண்டுடும் போல கீது. இன்ஜினு மூடியத் தொறந்து பிளக்க ஒரு வாட்டி பாத்துடலாமே."

"வாய மூடு. பூசை போட்ட மூடிய மொத நடை போய் வர்றதுக்குள்ள தொறப்பாங்களா?" இது எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. அவரே இயற்றி அவரே கட்டுப்பட்டது.

வண்டிக்குள் மிஞ்சியது லட்சுமியம்மாள் மட்டும். விருத்தாசலத்தின் கண் அந்த வெள்ளைப் புடவையில் போய் ஒரு கணம் நின்றுவிட்டது. ரோட்டில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"நீ வாயால சொல்லமாட்டே. நானே எறங்கறேன்" என்று அம்மாள் பையை எடுத்துக்கொண்டார்.

"ஐயோ, அப்டி இல்லீங்கம்மா..."

அதற்குள் அவர் இறங்கிவிட்டார். பூமாலை பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினான். கடகட.

"நானும் எறங்கியாச்சு" என்றார் அம்மாள். குரல் உயரவில்லை. "இப்ப உள்ள யாரு இருக்காங்க, விருத்தாசலம்?"

விருத்தாசலம் திரும்பிப் பார்த்தார். அத்தனை சீட்டும் காலி. அஞ்சம்மாள் கூடை குலுங்கச் சிரித்தாள்.

அவர் இறங்கினார். வண்டியின் மூக்கில் கிடந்த பூசை மாலையைக் கழற்றிப் பூமாலையின் கழுத்திலேயே போட்டுவிட்டு மூடியைத் தூக்கினார். உள்ளே வரிசையாக நின்ற பிளக்குகளில் ஒன்றில்கூட வெள்ளைப் பீங்கான் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் கழுத்து வரை சந்தனம், நடுவில் குங்குமம். ஐப்பசி ஈரத்தில் ராத்திரி முழுக்கக் காயவே இல்லை.

"அண்ணே, ஈரச் சந்தனம்ணே! நெருப்பு பூரா இதும் மேலயே வழிஞ்சி வெளிய பூடுது. உள்ள எப்டி பத்தும்?"

விருத்தாசலத்துக்கு அது பூமாலை சொல்வதற்கு முன்பே புரிந்துவிட்டது. அத்தனையும் அவர் விரல் பதிந்த சந்தனம். மல்லாட்டைக்காரரை இறக்கியதற்கு அவர் வருத்தப்படவில்லை. அம்மாளை இறங்க வைத்ததை நினைத்தபோதுதான் உடம்பு கூசியது. இத்தனை வருஷம் சாப்பிட்டது அந்தக் கை போட்ட சோறு. தோள் துண்டை உருவி ஒவ்வொரு பிளக்காக அழுத்தித் துடைத்தார். யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பூமாலை மாலையும் கழுத்துமாய் ஒரு சுற்றுத்தான் சுற்றினான். படாரென்று ஒரு சத்தம், ஒரு குடம் புகை, இன்ஜின் ஓடத் தொடங்கிவிட்டது.

"ஒரு வாட்டி ஓடிடுச்சி. நாளைக்கு?" என்று ராஜாமணி அம்மாளிடம் நைசாக நெருங்கினார்.

"நாளைக்கு ஓடலன்னா டிரைவரையும் சேத்து அனுப்பறேன், உங்க மிஷினுல கட்டிக்கோங்க. இப்ப நவுருங்க, ரயிலுக்கு நேரமாவுது."

கருவாடும் நாதசுரமும் மல்லாட்டையும் முட்டி மோதிக்கொண்டு படிக்கு ஓடின. விருத்தாசலம் அதற்கு முன்பே அங்கே போய் நின்று, வாசலின் குறுக்கே கையை நீட்டி எல்லோரையும் மறித்துக்கொண்டார். லட்சுமியம்மாள் நிதானமாக வந்து படியில் கால் வைக்கும் வரை அந்தக் கை இறங்கவில்லை.