மேல்தட்டிற் கவிழ்ந்த முட்டிகள்

எழுபதுகளின் இறக்குமதித் தடைக்காலத்தில், சுன்னாகத்துக் கடைகளிற் கொத்தமல்லியைக் காண்பது ஈசுவர தரிசனத்தினும் அரிதாயிற்று. தடிமன், சளி என்று வந்தால் மல்லிக் கஷாயமாகிய குடிநீர் அவிக்க வழியில்லை. ஆகவே மல்லியையும் வேறு சில மூலிகைகளையும் வீட்டிலேயே வளர்ப்பதென்று நானும் மனைவியும் தீர்மானித்தோம். நிலத்தில் நட இயலாது. அயல்வீட்டு ஆடுகள் எங்கள் வளவைத் தங்கள் பரம்பரை முதுசமாகவே கருதின. ஆடு ஏறாத இடம் ஒன்றே இருந்தது: முன்விறாந்தைக்கு மேலே வார்த்த சீமெந்துத் தட்டு.

திட்டம் வகுக்கும் பொறுப்பை நான் ஏற்றேன். தமிழ் கற்பிப்பவன் ஆதலால், பழைய செய்யுள்களில் மணக்கும் செடிகளையெல்லாம் முன்மொழிந்தேன். சம்பலுக்கோ ரசத்துக்கோ உதவாத எதற்கும் தான் தண்ணீர் சுமந்து படியேறப் போவதில்லை என்றாள் மனைவி. முடிவில், வெயிற்பக்கம் மல்லியும் துளசியும், நிழலில் வல்லாரை, கைபிடிச்சுவரோரம் தூதுவளை என்று உடன்பட்டோம். அவ்வுடன்பாட்டில் என் பங்கு துளசி மட்டுமே.

சாடிகளுக்கு என்ன செய்வதென்று நான் சிந்தித்துக்கொண்டிருக்கையில், அவள் மேற்கு வளவிலிருந்த, கள் இறக்கும் சீவற்றொழிலாளி ஒருவர் வீட்டில் வாய் உடைந்து ஒதுக்கிக் கிடந்த கள்ளுமுட்டிகளை, அந்த மண்கலயங்களை, கேட்டு வாங்கிவந்தாள். அடியில் துளையிட்டுக் கழுவி, மேல்தட்டில் வெயில் காயக் கவிழ்த்தாள். உரும்பிராயிலிருந்து செம்மண் வருவதற்குள் ஊரெங்கும் செய்தி போய்விட்டது: சைவ உபாத்தியாயர் வீட்டு உச்சியிற் கள்ளுமுட்டி காய்கிறது.

அடுத்த கிழமை எங்கள் பிள்ளையார் கோயிலிற் புராணபடனம் தொடங்கவிருந்தது. ஒருவர் செய்யுளைப் பாட, நான் ஆசனத்திலிருந்து அதன் பொருளை விரித்துப் பயன் சொல்வது வழக்கம். என் சொல்லைப் பிறர் மறுத்துப் பேசாமற் கேட்கும் இடம் அது ஒன்றே. வீட்டில் அந்த வாய்ப்பு இல்லை. அதையும் பறித்து வேறொருவருக்குக் கொடுப்பதா என்று ஆராயக் கோயில் மனேச்சர் நேரில் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. முகம் நிறையத் தீர்ப்பு.

படியேறி மேலே வந்தவரிடம் எங்கள் மூலிகைத் திட்டத்தை விளக்கினேன். செடி எங்கே என்று கேட்டார். இனித்தான் நட வேண்டும் என்றேன். அந்த விடை எனக்கே திருப்தி தரவில்லை.

அவர் ஒரு முட்டியைத் தூக்கி வெளிச்சத்திற் பார்த்தார்.

"உதுக்குள்ளை சுண்ணாம்பு கிடக்கு மாஸ்ரர். கருப்பணி முட்டி. பிழையில்லை."

சுண்ணாம்பு பூசிய முட்டியில் விழும் பனஞ்சாறு புளிப்பதுமில்லை, வெறிப்பதுமில்லை, அடியார்களும் அருந்துவர். எனக்கு மூச்சு வந்தது. அவர் அடுத்ததை எடுத்தார். அதிற் சுண்ணாம்பு இல்லை. மூக்கை உள்ளே வைத்து, விசாரணைக்கு வேண்டியதினும் சற்று நீளமாக இழுத்தார். முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். கண்கள் மெல்ல மூடின.

"உது கள்ளுத்தான். மேற்கு வளவுக்காரன்ரை முட்டி. தனிப் பனங்கள்ளு எண்டு சொல்லிப்போட்டு, உவன் எப்பவும் தென்னங்கள்ளைக் கலந்துதான் தாறவன்."

மோர்ச்செம்போடு படியேறி வந்த மனைவி கடைசிப் படியில் நின்றாள்.

"ஆருக்கு அண்ணை தாறவன்?"

மனேச்சர் முட்டியை விக்கிரகம்போல இரு கைகளாலும் இறக்கி வைத்தார். மோரை ஒரே மூச்சிற் குடித்தார். வல்லாரைக்கு நிழல் போதுமா என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தார். பயன் சொல்லும் ஆசனத்தைப் பற்றிய பேச்சை அவர் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

குறித்த நாளிற் படனம் தொடங்கிற்று. நானே பயன் சொன்னேன். கள்ளுண்ணாமையைப் பற்றிச் சொல்ல நேர்ந்தபோது குரலைச் சற்று உயர்த்தினேன். முன்வரிசையிலிருந்த மனேச்சர் எல்லாரினும் பலமாகத் தலையாட்டினார்.

கருப்பணி முட்டியில் நட்ட என் துளசி பட்டுப்போயிற்று. மேற்கு வளவுக்காரரின் முட்டியிலோ வல்லாரை மொய்த்துப் படர்ந்தது. முதற் பிடியை ஆய்ந்து, மனைவி மனேச்சர் வீட்டுக்கு அனுப்பினாள், ஞாபகசக்திக்கு நல்லது என்று சொல்லி.