சகலை வாங்கிய வீடு

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், அதாவது என் சகலை, அமெரிக்காவில் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வந்தவன் நான். பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் எங்கள் அடுக்குமாடி வீட்டு சோபாவில்தான் அவர் முதல் சில மாதங்கள் படுத்துக்கொண்டார். எண்பதுகளின் நடுவில் ஒரு வசந்தத்தில் அதே மனிதர் தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணா, ஒரு வீடு வாங்கிட்டேன். சும்மா பெரிசா இருக்கு. வந்து பாருங்க."

வாங்கப் போகிறேன் என்று சொல்லவில்லை. வாங்கிவிட்டேன் என்றார்.

நாங்களும் வீடு பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். மருந்துக் கம்பெனியில் வேதியியல் வேலை செய்கிறவன் நான், எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புவதில்லை. பல வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் அளவு நாடாவோடு மாதிரி வீடுகளைப் பார்த்து வந்தோம். வட்டி இறங்கட்டும் என்று காத்திருந்து, கடைசியில் பிளெய்ன்ஸ்பரோவிலேயே புதிதாகக் கட்டப் போகும் ஒரு குடியிருப்பில் ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். இலையுதிர் காலத்தில் ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அப்போது அந்த மனையில் எண் எழுதிய ஒரு குச்சி மட்டும் நின்றிருந்தது. சகலை மொத்தமே ஒரு வீடுதான் பார்த்தார். அதையே வாங்கிவிட்டார்.

ஃப்ளெமிங்டன் ஊரைத் தாண்டி டெலவேர் ஆற்றை நோக்கிப் போகிற சாலையில் இருந்தது அது. பிரான்ஸில் கொஞ்ச காலம் இருந்து வந்த ஒரு பணக்காரர், அங்கே பார்த்த கிராமத்து மாளிகை ஒன்றைப் போலவே இங்கே கட்டிக்கொண்டாராம். செங்குத்தான ஸ்லேட் கல் கூரை, கூரைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் சின்ன ஜன்னல்கள், ஆள் உயரத்துக்கு மேலே போகும் பெரிய ஜன்னல்கள், அவற்றுக்குச் சாம்பல் நிற மரக் கதவுகள். பின்னால் செங்கல் சுவர் சூழ்ந்த தோட்டம். ஒரு காலத்தில் கட்டம் கட்டமாக வெட்டி நிறுத்தியிருந்த புதர் வேலிகள் தலைவிரித்துக் கிடந்தன. சுவரோடு சுவராகக் கம்பியில் இழுத்துக் கட்டிய பேரிக்காய் மரங்கள் கம்பியை அறுத்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தன. நடுவில் ஒரு வட்டத் தொட்டி, அதில் இலைகள். கூரை மூன்று இடங்களில் ஒழுகியது. படிக்கட்டில் ஒரு பக்கம் கைப்பிடி இல்லை.

"எப்படி அண்ணா?" என்றார் சகலை.

"கூரை ஒழுகுது" என்றேன்.

"ஆமா, செமையா ஒழுகுது!" என்றார், ஏதோ நான் பாராட்டிவிட்ட மாதிரி.

மேலே போன என் மனைவி வெகுநேரம் இறங்கி வரவில்லை. தோட்டத்தைப் பார்த்த மாதிரி அடுத்தடுத்து இரண்டு அறைகள் இருந்தன. அவற்றில் ஒன்றின் ஜன்னலில் அவள் நிற்பது கீழே தொட்டிப் பக்கம் நின்ற எனக்குத் தெரிந்தது. அன்று வீட்டுக்குப் போய் நாட்குறிப்பில் வீட்டின் நீள அகலத்தை எழுதினேன். அந்த ஜன்னலைப் பற்றி எழுதவில்லை.

அன்றிலிருந்து எங்கள் சனிக்கிழமைகள் அங்கேதான் கழிந்தன. மகன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டதால் போகாமலிருக்கச் சாக்கு இல்லை. அக்காவும் தங்கையும் சுவர்களில் ஒட்டியிருந்த பழைய அலங்காரக் காகிதத்தை வெந்நீரால் நனைத்துச் சுரண்டினார்கள். ஒரு காகிதத்துக்கு அடியில் இன்னொன்று, அதற்கும் அடியில் இன்னொன்று. ஒவ்வொரு பூ டிசைனுக்கும் ஒரு கூச்சல். சகலை ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். சனிக்கிழமை ஆனால் கிழிந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு வேலையை ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டு இன்னொன்றை ஆரம்பிப்பார். மதியத்துக்குள் நான்கு அறைகளில் நான்கு வேலைகள் பாதியில் நிற்கும். அவரோ தோட்டத்தில் பேரிக்காய்க் கிளையை வெட்டிக்கொண்டிருப்பார்.

எனக்கு ஜன்னல்கள். எல்லாம் மேலும் கீழும் ஏறி இறங்கும் பழைய வகை. சட்டத்துக்குள் மறைவாக ஒரு கயிறு, அதன் நுனியில் ஒரு இரும்பு எடை, அந்த எடை இறங்கினால் கண்ணாடி ஏறும். கயிறுகள் அறுந்து, பெயின்ட் ஒட்டி, ஒரு ஜன்னலும் அசையவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி, பெயின்ட்டைச் சூடு காட்டி உரித்து, புதுக் கயிறு போட்டு, எடை சரியாக இருக்கிறதா என்று பார்த்து மாட்டினேன். நன்றாகச் செய்தேன். ஒரு விரலால் தூக்கினால் நின்ற இடத்தில் நிற்கும். முதல் ஜன்னல் முடிந்ததும் சகலை ஓடி வந்து தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். "ஏய், வந்து பாருங்க ரெண்டு பேரும்! அண்ணா வெண்ணெய் மாதிரி ஓட விட்டுட்டாரு!" பிறகு அந்த ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் தன் தோட்டத்தைப் பார்த்தார்.

நான் சுத்தியலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நான் சரி செய்த ஜன்னல். அவருடைய தோட்டம். இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனி மாத வெயிலில் ஒரு நாள் தோட்டத்துச் சுவர் நிழலில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சகலை அதைச் சொன்னார். "அண்ணா, எதுக்கு அந்த அட்டைப்பெட்டி வீட்டை வாங்கறீங்க? மேல தோட்டத்துப் பக்கம் ரெண்டு ரூம் இருக்கு. பாத்ரூம் தனியா போட்டுடலாம். வந்துடுங்க. நாங்க ரெண்டு பேரும் இதுல எங்க போய் ஒக்காந்துக்கறது? ஒருத்தரை ஒருத்தர் தேடறதுக்கே டார்ச் லைட் வேணும்."

"அத்தான், ப்ளீஸ்" என்றாள் மனைவியின் தங்கை.

என் மனைவி ஊறுகாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவர் யோசிப்பார்" என்றாள். "யோசிக்காம அவர் பல்லு கூட வெளக்க மாட்டார்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் திரும்பி வரும் வழியில் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். "யோசிச்சீங்களா?" பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. போட்டுவிட்டால் அந்த இரண்டு அறைகள் இல்லை. போடாவிட்டால் நான் இத்தனை வருடம் காத்திருந்த வீடு இல்லை. "இன்னும் இல்லை" என்பேன். உண்மையில் யோசிக்க ஒன்றும் இல்லை. அவர் வீட்டு மாடியில் குடியிருக்க எனக்கு இஷ்டம் இல்லை. அதே சமயம் அந்த வீட்டை அவருக்கு விட்டுக்கொடுக்கவும் மனம் இல்லை. ஆஃபீஸில் உட்கார்ந்திருக்கும்போது, அந்தப் புதர் வேலிகளை நான் வெட்டியிருந்தால் நூல் பிடித்து வெட்டியிருப்பேனே, அவர் கண் மதிப்பில் வெட்டிக் கோணலாக்கிவிட்டாரே என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் கோணல் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதுவும் உறுத்தியது.

செப்டம்பரில் சமையலறை முடிந்தது. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுவது என்று முடிவாயிற்று. அதற்கு முதல் நாள் காலையிலேயே போய்விட்டோம். கீழே சாப்பாட்டுக் கூடத்தின் கூரையில் சுண்ணாம்புப் பூச்சில் கொடியும் திராட்சைக் குலையுமாக ஒரு வட்ட வேலைப்பாடு இருந்தது. உடைந்த இலைகளை ஒருவரை வைத்துப் புதிதாகச் செய்து ஒட்டியிருந்தார்கள். அதற்குக் கடைசிக் கை வெள்ளை அடிக்க சகலை ஏணியில் நின்றார், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாடியில் அக்காவும் தங்கையும் பால் காய்ச்சுவதற்கு முன் வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள்.

என் மூக்குக் கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது. வெள்ளைதான் தெறிக்கிறது என்று நினைத்துத் துடைத்தேன். கைக்குட்டை மஞ்சளாயிற்று.

அண்ணாந்து பார்த்தேன். வெள்ளைக் கூரையில் ஒரு மூலையிலிருந்து மஞ்சள் நிறம் பரவிக்கொண்டிருந்தது. திராட்சைக் குலையை எட்டியது. மேலே விளக்குமாறு சரக் சரக்கென்று ஓடும் சத்தம், கூடவே தங்கையின் குரல்.

"அக்கா, தண்ணி போற ஓட்டை எங்க?"

"ஏதாவது ஒரு மூலைல இருக்கும், பாருடி."

"எல்லா மூலையும் பாத்துட்டேன். ஓட்டையே இல்ல."

"அப்ப தண்ணி எங்க போவுது?"

சகலை ஏணியிலிருந்து குதித்தார். என்னையும் இழுத்தார். நாங்கள் சுவரோரம் போய் நின்ற கணத்தில் கூரையின் அந்தப் பகுதி, திராட்சையும் இலையும் புது வெள்ளையுமாக, சாப்பாட்டு மேஜை மேல் பொத்தென்று விழுந்தது. தூசு அடங்கியது. மேலே மரச் சட்டங்களுக்கு நடுவில் ஓட்டை. அதன் வழியாக மஞ்சள் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் படியேறி ஓடினேன். தோட்டத்துப் பக்கத்து அறை இரண்டிலும் கணுக்கால் நனையத் தண்ணீர். என் மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, விளக்குமாற்றால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மூன்று வாளிகள் காலியாக நின்றன. நம் ஊரில் சிமென்ட் தரையைக் கழுவிவிடுகிற மாதிரி மரத் தரையைக் கழுவியிருக்கிறார்கள்.

"மரம்! இது மரத் தரை!" என்று கத்தினேன். "கீழ கூரையே விழுந்துடுச்சு!"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ. மத்த ரூமெல்லாம் துணியாலதான் தொடச்சோம். நம்ம ரூம் ரெண்ட மட்டும்தாங்க நல்லா கழுவி விட்டேன்."

நம்ம ரூம். அவள் தெரிந்து சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அடுத்தவர் வீட்டை யாரும் அப்படி மஞ்சள் கரைத்து வாளி வாளியாக ஊற்றிக் கழுவ மாட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்குள் சகலை அறை வாசலில் வந்து நின்றார். தலையெல்லாம் சுண்ணாம்பு. மாதக்கணக்கான வேலை கீழே மேஜை மேல் கிடக்கிறது. நானாக இருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அவர் அறையைப் பார்த்தார், வாளிகளைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, கீழ மஞ்சள் நீராட்டு விழா நடக்குது. அண்ணாவுக்குத்தான் மொத சொட்டு."

"ஐயோ சாரி மாப்ள, சாரி, சாரி."

"எதுக்கு சாரி? ஏற்கெனவே மூணு எடத்துல ஒழுகின வீடுதானே. நாலாவது ஒழுகல் நம்ம கையால ஆகட்டும்."

என் மனைவி விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முதலில் பயத்தில், பிறகு நிறுத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தங்கை அவள் தோளில் சாய்ந்து சிரித்தாள். நான் பக்கத்து அறையிலிருந்து துணி எடுத்து வந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தேன். யாராவது துடைத்துத்தானே ஆக வேண்டும். கூரை, தோட்டம், பேரிக்காய் மரம் எல்லாம் போகட்டும். அந்தச் சிரிப்பை எங்கள் வீட்டில் நான் கேட்டதில்லை.

மறுநாள் இடிந்த கூடத்துக்குப் பக்கத்திலேயே, புதுச் சமையலறையில் பால் காய்ச்சினார்கள். பொங்கியது. திரும்பி வரும் வழியில் அவள் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். "உனக்கு வேணும்னா அங்கேயே போயிடலாம். கையெழுத்துப் போடல."



"வேணும்தான்" என்றாள். "ஆனா வேணாங்க. அவர் ஒவ்வொரு ஜன்னலையும் தொறந்து தொறந்து பாக்கறப்ப உங்க மூஞ்சி எப்படி ஆகுதுன்னு நான் பாக்கறேன். சனிக்கிழமை ஒரு நாளுக்கே தாங்கல. தெனம் காலைல எழுந்து அதைப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது."

"என் மூஞ்சிக்கு என்ன?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

இலையுதிர் காலத்தில் கையெழுத்துப் போட்டோம். அடுத்த வசந்தத்தில் குடிபோனோம். சுவர்கள் நேர், கதவுகள் நேர், எதுவும் ஒழுகவில்லை. சகலை வந்து பார்த்துவிட்டு, "அண்ணா, ஒரு எடத்துல கூட ஒரு குறை கண்டுபிடிக்க முடியலயே" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே சொன்னார். நான் ஆசைப்பட்டது எனக்குக் கிடைத்தது. எதனால் கிடைத்தது என்பதும் எனக்குத் தெரியும்.

ஃப்ளெமிங்டன் பக்கம் போவதை நான் நிறுத்திக்கொண்டேன். ஜன்னல்களும் முடிந்துவிட்டன. அவளை யார் கொண்டுபோய் விடுவது என்ற பேச்சு எழவே இல்லை. சகலை ஏற்கெனவே தன் வீட்டு நீளமான பாதையிலேயே அவளுக்கு டிரைவ் பண்ணக் கற்றுக்கொடுத்துவிட்டார். லைசென்ஸ் வாங்கியதும் சனிக்கிழமைகளில் தனியாகப் போக ஆரம்பித்தாள். நான் புதுப் புல்வெளியை வெட்டி, ஓரங்களை நூல் பிடித்துச் சீராக்கி, பிறகு காரின் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு சனிக்கிழமை மாலை நகத்தில் மண்ணோடு வந்தாள். பேரிக்காய் பிஞ்சு விட்டிருக்கிறது என்றாள். சாப்பாட்டுக் கூடத்துக் கூரையில் திராட்சையைத் திரும்ப ஒட்டவில்லையாம், சும்மா வெள்ளையாக விட்டுவிட்டார்களாம்.

"அந்த ரெண்டு ரூம்ல என்ன போட்டிருக்காங்க?" என்று கேட்டேன், செய்தித்தாளைப் பார்த்தபடி.

"ஒண்ணும் போடல."

"ஏன்?"

"மாப்ளதான் வேணாம்னுட்டாராம். காலியாவே இருக்கட்டும்ங்கறார். பெயின்ட் மட்டும் அடிச்சிருக்கு."

"என்ன கலர்?"

"நான் சொன்ன கலர்தான்."

அவள் குரலில் வருத்தம் இருக்கிறதா என்று கவனித்தேன். இல்லை. சந்தோஷமாகவே சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். என்ன நிறம் சொன்னாள், எப்போது சொன்னாள், யாரிடம் சொன்னாள், எனக்கு ஒன்றும் தெரியாது. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அவள் பின்னாலேயே போனேன். அடுத்த சனிக்கிழமை நானும் வருகிறேன் என்றேன்.

குழாயை மூடாமலே திரும்பிப் பார்த்தாள்.

"வாங்க" என்றாள். "ஆனா வண்டிய நான்தான் ஓட்டுவேன்."