மதினி பார்க்காத பாதி

ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் என்னிடம் தப்பமுடியாது. கையைத் தூக்கச் சொல்லி டேப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் படப் பேச்சை எடுப்பேன். வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்தால் தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டுப் பகல் காட்சிக்குக் கிளம்பிவிடுகிற ஆள் நான். படம் பிடித்துவிட்டால் தெருவில் ஒருத்தரையும் நிம்மதியாக விடமாட்டேன். முடிவையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்துவிடுவேன். 'ஓட்டவாயி' என்று பேர் வைத்திருக்கிறார்கள். இருக்கட்டுமே.

அந்த ஓட்டை வாயை அடைத்து வைத்தது மதினி ஒருத்திதான். என் அண்ணனுக்குத் தோணியில் வேலை. மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு போய்வருகிற மரத்தோணி. அவன் கடலில் இருக்கும்வரை மதினி எந்தப் படத்தையும் இடைவேளைக்கு மேல் பார்க்கமாட்டாள். சமோசாவைத் தின்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். அவன் திரும்பியதும் இரண்டு பேருமாகப் போய் மிச்சத்தைப் பார்ப்பார்கள்.

"இது என்ன கூத்து மதினி?" என்று கேட்டேவிட்டேன். நல்ல கட்டத்தில் எழுப்பிக் கூட்டிப்போனால் எவளுக்குத்தான் ஆத்திரம் வராது?

"பாதி பாக்கி கெடந்தா, அதப் பாக்கதுக்காவது ஆளு வந்து சேரும்லா" என்றாள். "நீ மட்டும் முடிவச் சொன்ன, ஒங்கூடப் பேசவே மாட்டேன், பாத்துக்க."

ஆள் வெளியூர் கிளம்பிய கையோடு வீட்டைக் கூட்டமாட்டோமே, அதைப்போல இதுவும் ஒன்று என்று சிரித்து விட்டுவிட்டேன்.

இந்த ஐப்பசியில் அண்ணன் கிளம்பிய பிறகு, எனக்கு உயிரான படம் ஒன்றை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். பழைய படம், என் போனிலேயே வைத்திருக்கிறேன். ஒரு லாரி டிரைவரின் கதை. அதில் கடல் என்ற பேச்சே கிடையாது. அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன். மலைப்பாதையில் மழை கொட்டுகிறது. லாரி வளைவில் திரும்பி மறைகிறது. இடைவேளை. மதினி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நல்லாருக்குளா. அவுக வரட்டும்."

அந்த வாரமே காற்று மாறியது. துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றினார்கள், பிறகு மூன்றாம் எண். அண்ணனிடமிருந்து போனே இல்லை. கூடக் கிளம்பிய தோணி ஒன்று பாய் கிழிந்து கரைக்கு வந்தது. அண்ணன் தோணியைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று அந்த ஆட்களிடம் கேட்டேன். கையிலிருந்த டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதினி அழவில்லை. வீட்டைக் கூட்டவும் இல்லை. காற்று அடித்துக் கொண்டுவந்த மணல் நடுவீடுவரை கிடந்தது.

ஒருநாள் காலையில் தலையைக்கூட வாராமல் வந்து என் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏளா, அந்த டிரைவரு கடைசில வீட்டுக்கு வந்துருவானா?"

முடிவைக் கேட்கமாட்டாளா என்று எத்தனை வருஷம் துடித்திருக்கிறேன்! கேட்டபோது மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டேன்.

"வந்துருவான் மதினி. காலு மட்டும் ஒடஞ்சிருக்கும். கம்ப ஊனிக்கிட்டு வாசல்ல வந்து நிப்பான்" என்றேன். உள்ளபடிக்கே அதுதான் முடிவு. ஒரு சொல்கூட நான் மாற்றவில்லை.

"பொய். எம் மொகத்தப் பாத்துட்டு மாத்திச் சொல்லுத."

"அண்ணன் மேல சத்தியமா..." என்று வாயில் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். மதினி முகம் வெளுத்துப்போனது.

கையை நீட்டினாள். "போனக் குடு. நானே பாத்துக்கிடுதேன்."

அவள் பார்த்துவிட்டால் அண்ணனுக்கென்று பாக்கி ஒன்றும் இருக்காது. நான் சிரித்த அதே பேச்சுதான். ஆனால் போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"வேண்டாம் மதினி. அண்ணன் வரட்டும்."

பாருங்கள் பாருங்கள் என்று ஊரையே நச்சரித்த படத்தை, ஒருத்தி பார்க்கக் கேட்டும் நான் கொடுக்கவில்லை. இன்றுவரை தகவல் இல்லை. மதினி தினமும் வந்து கை நீட்டுகிறாள். அந்தப் பாதியை நானும் போட்டுப் பார்ப்பதில்லை.