அம்மாவின் புடவையில் பிரேமா அக்கா

அந்துருண்டை வாசம் எங்கே அடித்தாலும் எனக்கு ஒரு பள்ளிக்கூடத்து அலுவலக அறைதான் நினைவுக்கு வரும். நாற்காலி நுனியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் அப்பா, அவருக்குப் பக்கத்தில் என் அம்மாவின் அரக்கு நிறக் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு, என் அம்மாவாகவே உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டுப் பிரேமா அக்கா.

இரண்டாயிரமாவது ஆண்டைத் தாண்டிய சமயம் அது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ஓசூரில் ஒரு "லைன் வீட்டில்" குடியிருந்தோம். அப்பாவுக்குத் தொழிற்பேட்டையில் வேலை. நான் ஐந்தாவது முடிக்கப்போகிற அந்த வருடம் முழுக்க அவர் ஏறிப்போகும் "கம்பெனி பஸ்ஸில்" பள்ளிக்கூடப் பேச்சைத் தவிர வேறு பேச்சே நடக்கவில்லை போலிருக்கிறது. எந்தப் பள்ளியில் பத்தாவதில் எல்லோரும் தேறினார்கள், எதில் இன்ஜினியர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று தினம் ஒரு சேதியோடு வருவார். அரசுப் பள்ளியே போதும் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அப்பா ராயக்கோட்டைச் சாலையில் இருந்த ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அங்கே தாய் தகப்பன் இருவரையும் உட்காரவைத்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்கள். அப்பா எப்படியோ சமாளித்துவிடுவார். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவள்.

பிரேமா அக்கா கோலார்ப் பக்கத்துக் கன்னடக்காரி. பெங்களூரில் பட்டம் படித்தவள். ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. அவளை அம்மா என்று கூட்டிப்போகும் யோசனை எங்கள் சொந்த ஊரில் யாருக்கும் வந்திருக்காது, வந்தாலும் வாசலிலேயே குட்டு உடைந்திருக்கும். ஓசூரில் அத்தனை பேரும் வேறெங்கிருந்தோ வந்தவர்கள். யார் யாருடைய மனைவி என்று யாருக்குத் தெரியும்?

"ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வரப்போறாக, அம்புட்டுத்தான்," என்றார் அப்பா.

சுடிதாரில் போனால் அம்மா மாதிரி இருக்காது என்று அம்மாவே பீரோவைத் திறந்து புடவையை எடுத்துக் கொடுத்தாள்.

"டென்ஷன் பண்ணிக்காதீங்க அண்ணா, நான் பேசிக்கிறேன்," என்று அக்கா தைரியம் சொன்னாள்.

"உள்ள போயி அண்ணான்னு கூப்பிட்டுராத தாயி," என்று அம்மா சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம்.

இடம் கிடைத்தது. ஆனால் பெற்றோர் படம் வேண்டும் என்றார்கள். விண்ணப்பத்திலும் என் டைரியின் முதல் பக்கத்திலும் அப்பாவுக்குப் பக்கத்தில் பிரேமா அக்கா ஒட்டப்பட்டாள். கீழே "அம்மா கையெழுத்து" என்ற இடத்தில் அவள் கையெழுத்து. ஒரு மணி நேரம் என்றது ஏழு வருடமானது. அடுத்த வருடமே அக்கா மைசூருக்குக் குடிபோய்விட, "அம்மாவுக்கு லீவு கிடைக்கல மிஸ்" என்று ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்துக்கும் புளுகக் கற்றுக்கொண்டேன். ஆண்டுவிழாவில் நான் ஆடிய ஆட்டத்தை அம்மா பார்த்ததே இல்லை. வேறு பள்ளிக்குப் போகிறேன் என்று அழுதால் அப்பாவின் குரல் இறங்கிவிடும். "டி.சி. வாங்கணும்னாலும் அம்மா கையெழுத்துல்ல கேப்பாங்க?"

எட்டாவதில் ஒருநாள் வகுப்பிலேயே காய்ச்சல் கொதித்தது. அப்பா ஷிப்டில் இருந்ததால் பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போன் போயிருக்கிறது. பதறி ஓடிவந்த அம்மா நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டிருந்தாள். நீங்கள் யார் என்று மிஸ் கேட்டதும் என்னை ஒருமுறை பார்த்தாள்.

"பாப்பா வீட்டுல வேல செய்யுதேன்," என்றாள்.

மிஸ் என் பக்கம் திரும்பி, "தெரிஞ்சவங்களா?" என்றார்.

"ஆமா மிஸ். எங்க வீட்டு ஆயா."

அம்மா என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். டவுன் பஸ்ஸில் என்னை மடியில் சாய்த்து, "வெரசாச் சொல்லிட்ட, நல்லதாப் போச்சு," என்று மட்டும் சொன்னாள். அப்பாவின் மேல் இருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. என்மேல் இருப்பது ஆறவில்லை.

லைன் வீடுகள் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. அந்தப் பள்ளி பெயர் மாறிவிட்டது. பெற்றோருக்கு ஆங்கிலப் பரீட்சை வைக்கும் வழக்கமும் இந்தப் பக்கம் அநேகமாக ஒழிந்துவிட்டது. இந்த வருடம் என் மகனை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது அம்மாவையும் வற்புறுத்தி அழைத்துப் போனேன். அந்த அரக்குப் புடவையைத்தான் கட்டிக்கொண்டாள். ஆட்டோ முழுக்க அந்துருண்டை வாசம்.

வாசலில் வாட்ச்மேன் நோட்டை நீட்டி, "நீங்க யாருங்கம்மா?" என்று அவளைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சுவரோரமாக ஒதுங்கிவிட்டாள்.

"நான் சும்மா தொணைக்கு வந்தவ. இங்கனயே நிக்கேன். நீங்க போயிட்டு வாங்க."