குளிக்க அனுப்பிய உப்பு

போன கிழமை என் மருமகள் ஒரு போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உள்ளே வெள்ளையாய், கட்டி கட்டியாய் ஏதோ. மூடியில் ஊதா ரிபன் வேறு.

"மாமா, இது பாத் சோல்ட். கிளாஸுக்குப் போய்ப் பழகி நானே செய்தது. சுடுதண்ணிக்குள்ள ஒரு பிடி போட்டு, காலை வைச்சுக்கொண்டு இருங்கோ. ரிலாக்ஸா இருக்கும். கந்தோர்ச் சிநேகிதிகளுக்கும் இதைத்தான் பிரசன்ட் குடுக்கப்போறன்."

குளிக்கிற உப்பு! நான் சிரிக்கத் தொடங்கினேன். நிற்பாட்ட ஏலாத சிரிப்பு. மருமகளின் முகம் சுண்டிப்போச்சு. தன் கைவேலையைக் கிழவன் நக்கலடிக்கிறான் என்று நினைத்திருப்பாள், பாவம். அவள் பிறப்பதற்கு எத்தனையோ வருஷத்துக்கு முந்தியே இதே சாமானைச் செய்து, அதனால் நடுத்தெருவில் முழி பிதுங்கி நின்றவன் நான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

உங்களுக்கும் தெரியாது. சொல்லுகிறேன்.

இரண்டாம் உலக யுத்த காலம். நான் திருக்கோணமலைக் கடற்படை டொக்யாட்டில் ஸ்ரோர் கிளாக்கர். கலியாணம் கட்டி மூன்றே மாதம். மனைவி கனகம் தம்பலகாமத்துக்காரி. ஒருநாள் விடியவே ஜப்பான் பிளேன்கள் வந்து குண்டு போட்டன. குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள், திருவலையோடு மேசைக்குக் கீழே புகுந்துவிட்டாள். அன்றைக்கே ஊர்ச் சனமெல்லாம் கண்டி ரோட்டால் வெளிக்கிட்டது. அவளும் தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சொன்னது இவ்வளவுதான்: "இந்த ஊர் மண்ணில இனி என்ர கால் படாது!"

எனக்கோ அசைய ஏலாது. லீவு என்று வாய் திறந்தாலே துரைமார் முறைப்பார்கள். வாடகை வீட்டை விட்டுவிட்டு, வேறு மூன்று கிளாக்கர்மாரோடு ஒரே அறையில் பாய் போட்டேன்.

எட்டு மாதம்! கிழமைக்கு ஒரு கடிதம் எழுதினேன். என்ன எழுதினேன் என்கிறீர்கள்? 'நான் சுகம். நீ சுகமா? மாமாவின் முழங்கால் நோவு எப்படி? சிவப்பிப் பசு கன்று போட்டுதா?' அவளும் ஒழுங்காகப் பதில் போடுவாள். 'சுகம். நோவு பரவாயில்லை. நாகு கன்று.' புதுசாய்க் கலியாணம் கட்டினவன் எழுதுகிற கடிதமா இது? மாட்டு வைத்தியர் எழுதுகிற கடிதம்!

இதற்குள் மாமி, "பிள்ளை பேசாம இஞ்சயே இருக்கட்டும்" என்று சொல்லித் திரிகிறாவாம் என்று கதை வந்தது. இந்த யுத்தம் எப்ப முடியும், ஆருக்குத் தெரியும்? முடிகிற நேரம் எனக்குப் பெண்சாதி என்று ஒருத்தி இருப்பாளா?

அந்த நேரத்தில்தான் எங்கள் கந்தோரில் வேலை செய்த ஒரு நேவிக்காரப் பெண்ணுக்கு இங்கிலாந்திலிருந்து பார்சல் வந்தது. திறந்தால் உள்ளே போத்தல் உடைந்து, மஞ்சள் உப்பு கொட்டுண்டு கிடக்குது. கந்தோர் முழுக்க வாசம். அந்தப் பிள்ளை அழாக்குறை. "அம்மா வீட்டில் செய்தது. வெந்நீரில் போட்டுக் குளித்தால் நரம்பெல்லாம் தளரும், பயம் போகும்" என்றாள்.

பயம் போகுமா? எனக்கு அந்த ஒரு சொல் போதும். எப்படிச் செய்வது என்று துருவித் துருவிக் கேட்டேன். உப்பு, உடுப்புத் தோய்க்கிற சோடாத் தூள், வாசனை எண்ணெய், கொஞ்சம் நிறம். இவ்வளவுதானே!

உப்புக்கு நமக்கென்ன பஞ்சம்? நிலாவெளி உப்பளத்திலிருந்து நல்ல பருக்கன் உப்பாய் எடுப்பித்தேன். மண் போக உப்புத் தண்ணியிலேயே அலசினேன். நல்ல தண்ணியில் அலசினால் கரைந்து போய்விடும், பாருங்கள். அதைப் பாயில் பரப்பி வெயிலில் காயவிட்டேன். பிறகு ஒரு பிஸ்கட் தகரத்தில் ஒரு அடுக்கு உப்பு, ஒரு அடுக்கு மல்லிகைப்பூ, திரும்ப உப்பு. அடுத்தநாள் திறந்தால் உப்பு தண்ணி விட்டுச் சொதசொதவென்று கிடக்குது! பூவைப் பொறுக்கி எறிந்து, திரும்பவும் காயப்போட்டு, திரும்பவும் புதுப் பூ. இப்படி ஐந்து தரம். காய்ந்த தேசிக்காய்த் தோலையும் வெட்டிவேரையும் நொறுக்கிக் கலந்தேன். கிண்ணியாவிலிருந்து வந்து அத்தர் விற்கும் முஸ்லிம் நானா ஒருவர், என் கதையைக் கேட்டுவிட்டுத் தன்னிடமிருந்த கடைசிச் சின்னக் குப்பியை என் கையில் வைத்தார். "பொஞ்சாதிக்கா தம்பி? கொண்டு போங்க, கொண்டு போங்க" என்றார். சோடாத் தூள் மட்டும் கிடைக்கவில்லை. எவ்வளவு நல்லதாய்ப் போச்சு என்று பிறகுதான் விளங்கியது.

நிறத்துக்கு என்ன செய்வது? நம் வீட்டுச் சாமான்தான், மஞ்சள்! அது தோலுக்கும் நல்லது. ஒரு கரண்டி போட்டுப் பிசறினேன். உப்பு தகதகவென்று மின்னியது. அந்தக் காலத்தில் போத்தலுக்கு எங்கே போக? ஒரு புது மண்பானை வாங்கி நிரப்பி, வாயைப் புதுத்துணியால் இறுக்கிக் கட்டினேன். எப்படிக் குளிப்பது என்று ஒரு துண்டும் எழுதினேன். மாமா படித்துவிடுவாரோ என்ற வெட்கத்தில் அதைத் துணிக்கு உள்ளே, உப்புக்கு மேலே வைத்தேன். கெட்டிக்காரன்!

எங்கள் ஸ்ரோரில் வேலை செய்த தம்பலகாமத்துக் கந்தையா அண்ணை சனிக்கிழமை ஊருக்குப் போனார். அவரிடம் பானையைக் கொடுத்தேன்.

"என்ன சொல்லிக் குடுக்கிறது?"

"ஒண்டும் சொல்ல வேண்டாம் அண்ணை. கனகத்திட்டக் குடுங்கோ, விளங்கும்."

விளங்கியது. நல்லாய் விளங்கியது!

நாலாம் நாள் பின்னேரம் எங்கள் அறை வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. முன்னுக்கு மாமா. பின்னால் பாய், தலையணை, ட்ரங்குப் பெட்டி, அம்மி, குழவி, கூடைக்குள் இரண்டு கோழி. அதுகளுக்கு நடுவில் என் பானையை மடியில் வைத்துக்கொண்டு கனகம்! கட்டு அவிழ்க்கவேயில்லை; ஆனால் உப்பு கசிந்து வாய்த்துணியெல்லாம் மஞ்சள் பிடித்திருந்தது.

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு இறங்கினார். "தம்பி, பானை வந்து சேந்தது. புதுப் பானையில உப்பும் மஞ்சளும்! நான் அப்பவே மனுசியிட்டச் சொல்லிப்போட்டன், மருமகன் வீடு பாத்திட்டார், குடிபுகச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார் எண்டு. சரி, வீடு எங்க?"

ஐயோ!

புது வீட்டுக்குள் முதல் போகிறது உப்பும் மஞ்சளும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். வெள்ளைக்காரப் போத்தலைப் பார்த்த மயக்கத்தில் மூளை வேலை செய்யவில்லை.

என் பின்னால் மூன்று கிளாக்கர்மார். ஒருவன் குளித்துவிட்டு வந்த துவாயோடு கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். சின்னத்துரை என்று பெயர். அவனுடைய வீட்டார் உப்புவெளி வீட்டைப் பூட்டிவிட்டு யாழ்ப்பாணம் ஓடியிருந்தார்கள்; அங்கே தனிய இருக்கப் பயந்துதான் இவன் எங்களோடு. கதவு நீக்கலால் ஒரு கை வந்தது. கையில் அந்த வீட்டுத் திறப்பு. "வீடு உப்புவெளியில இருக்கு எண்டு சொல்லு. போ மடையா, போ!"

போனோம். நான் வண்டிக்குப் பின்னால் சைக்கிளில். வழி நெடுக மாமா யுத்தத்தைப் பற்றிக் கதைத்தார். எனக்கு ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. இந்த மனுஷி பொய்யை நம்பி, பயத்தை விழுங்கிக்கொண்டு வருகிறாள். உண்மை தெரிந்தால் இதே வண்டியில் திரும்புவாள். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு கடிதம் எழுதுவது?

கனகம் வலதுகாலை வைத்து, பானையோடு உள்ளே போனாள். பால் பொங்கினாள். மாமா வெளியில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றார். சோறு கறிக்கு அடுப்பு மூட்டிவிட்டுப் பானையின் கட்டை அவிழ்த்தாள். குசினி முழுக்க மல்லிகையும் அத்தரும்! திகைத்துப் போனாள். துண்டை எடுத்தாள். படித்தாள்.

'வெந்நீரில் ஒரு பிடி போட்டுக் குளிக்கவும். மனப் பயம் தீரும். உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள்.'

பிறகு துண்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை.

"அப்ப வீடு பாக்கேல்லையா?"

"இல்லை. இது சின்னத்துரையின்ர வீடு. திறப்பு இப்பதான் கையில கிடைச்சது. நீ குளிக்கத்தான் உப்பு அனுப்பினனான். பயம் போகும் எண்டாள் ஒருத்தி… கனகம், உன்னை ஏமாத்த நினைக்கேல்லை. நீ வண்டியில திரும்பிப் போறதெண்டாலும் நான் ஒண்டும் சொல்லன்."

அவளுக்கு வந்ததே கோபம்! கையில் அகப்பை. நான் ஒரு அடி பின்னுக்குப் போனேன்.

"எட்டு மாசம் கடிதம் எழுதினீங்கள். அப்பான்ர முழங்காலைக் கேட்டீங்கள். மாட்டைக் கேட்டீங்கள். ஒண்டிலயாவது, ஒரேயொரு கடிதத்திலயாவது, 'வா' எண்டு எழுதினீங்களா? ஒவ்வொரு கடிதத்தையும் திருப்பித் திருப்பிப் பாத்தன். இந்தத் துண்டையும் பாத்தன். இதிலயும் இல்லை!"

"நீ… பயத்தில கால் படாது எண்டெல்லோ சொன்னனி?"

"பயம்தான். இப்பவும் கை நடுங்குது, பாருங்கோ. தம்பலகாமத்திலயும் நடுங்கினதுதான். பயப்பிடுறதெண்டா இஞ்ச உங்களோட இருந்து பயப்பிடுறன்." அகப்பையைக் கீழே வைத்தாள். "இந்தப் பானையைக் கண்ட உடனே, கூப்பிட்டுட்டார் எண்டு எவ்வளவு சந்தோஷப்பட்டன் தெரியுமா?"

குசினி வாசலில் நின்று, வாய்விட்டு, முதல் தரமாய்ச் சொன்னேன்: "வா கனகம். என்னோட வந்து இரு." ஏற்கனவே வந்து நிற்கிறவளைப் பார்த்து! அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"கறிக்கு உப்புப் போட்டாச்சா பிள்ளை?" வெளியிலிருந்து மாமாவின் சத்தம்.

"ஓம் அப்பா, போட்டாச்சு!" வேறு உப்பு வீட்டில் ஏது? அதிலேயே ஒரு பிடி அள்ளிக் கறிச் சட்டியில் போட்டாள்.

மாமா மல்லிகையும் அத்தரும் மணக்கிற மீன்குழம்பைச் சாப்பிட்டார். கை கழுவும்போதுதான், "டவுன் உப்பு கொஞ்சம் வாசம்தான்" என்றார். திரும்பவும் சோறு கேட்கவில்லை.

வாசகர்களே, வீட்டில் வாசனை உப்புச் செய்யுங்கள், யாருக்கும் பிரசன்ட் கொடுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மனதில் இருக்கிறதை அந்தப் பானை போய்ச் சொல்லும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். ஒரு எழுத்துச் சொல் அது. அதற்கு எட்டு மாதம் எடுத்த மடையன் சொல்லுகிறேன்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் நான் போடுகிற கடிதத்தில் முதல் வரியே 'வா'தான். "நான் வீட்டில இருக்கிறன், நீங்கள்தான் வரோணும்" என்று அவள் பதில் எழுதுவாள்.

கனகம் கண்மூடி மூன்று வருஷம். பின்னேரங்களில் விறாந்தைக் கதிரையில் இருந்துகொண்டு இப்பவும் கூப்பிட்டுப் பார்க்கிறேன். ஆள் அசைகிறாள் இல்லை.

சரி… இனிக் கூப்பிடுகிறது அவளுடைய முறை.