முப்பது தண்ணி பார்த்த மஞ்சத்துணி

நான் தையல்காரின்னுதான் வாசல்ல போர்டு மாட்டியிருக்கேன், ஆனா மரக்காணம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி விசாரிச்சா, "எப்பப் பாத்தாலும் துணி துவைச்சிட்டே இருப்பாங்களே, அந்த அக்காவா?"ன்னுதான் கேப்பாங்க.

நான் தைக்கிறது குவில்ட்டு. மேல கலர் கலரா துண்டுத்துணி இணைச்சு, நடுவுல பஞ்சு வச்சு, அடியில ஒரு துணி குடுத்து, மூணையும் சேத்துப் புடிச்சு தையல் ஓட்டுற மெத்தைப் போர்வை. ஆரோவில் பக்கம் ஒரு தையல் யூனிட்டுல கத்துக்கிட்டேன். அங்க முதல் நாளே சொல்லிட்டாங்க, புதுத்துணியை வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தண்ணி போட்டுடணும்னு. சுருங்குறது அப்பவே சுருங்கிடும், சாயம் போறது அப்பவே போயிடும். ஊறவச்சு, அலசி, பிழிஞ்சு இடுப்பு விட்டுப்போன உங்களுக்கெல்லாம் நான் விளக்கணுமா என்ன? சொன்னாங்க, கேட்டேனா? சொந்தமா மெஷின் போட்டதும் எனக்குத் திமிரு வந்துடுச்சு.

வானூர் டீச்சர் போர்வை

முதல் ஆர்டர் வானூர் டீச்சர் ஒருத்தங்களோடது. சிவப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமா வேணும்னாங்க. துணி பளபளன்னு இருந்துச்சு. இதைப் போயி வாளியில போட்டுக் கசக்கணுமான்னு நினைச்சு, அப்படியே வெட்டித் தச்சுக் குடுத்துட்டேன். பாத்தவங்க எல்லாரும் ஆஹா ஓஹோன்னாங்க. எனக்குத் தல கால் புரியல.

ஒரே மாசம். டீச்சர் ஆட்டோ புடிச்சு வந்து மூட்டையைப் பிரிச்சாங்க. அவங்க வீட்டுல ஒரே ஒரு தடவை துவைச்சிருக்காங்க. வெள்ளைக் கட்டம் அத்தனையும் ரோஸ் கலரு. சிவப்பு ஒரு மாதிரி, வெள்ளை ஒரு மாதிரி சுருங்கி, நீளத்துல ஒரு முழத்தைக் காணோம். எனக்கு அழுகையே வந்துடுச்சு. அவங்க கத்தவே இல்ல, ரொம்ப மரியாதையாத்தான் கேட்டாங்க: "தலைக்கு இழுத்தா கால் வெளிய இருக்குது, காலுக்கு இழுத்தா தல வெளிய இருக்குது. இன்னைக்கு எதை மூடிக்கிறதுன்னு தினமும் உங்களுக்குப் போன் பண்ணிக் கேக்கட்டுங்களா?"

உப்பு போதலையாம் எனக்கு

அதுக்கப்புறம் தண்ணி போடாம துணியைத் தொடுறதில்ல. ஆனா சாயம் பயம் போகல. உப்புத்தண்ணியில ஊறவச்சா சாயம் நிக்கும்னு யாரோ சொன்னாங்க. வேற ஊர்க்காரியா இருந்தா ஒரு கைப்பிடி உப்பு போட்டிருப்பா. நான் மரக்காணத்துக்காரி ஆச்சே! எங்க தெருவுல ஏழுமலைன்னு ஒருத்தன், உப்பளத்துல வேலை. உப்பு பூக்கப்போற பாத்தித் தண்ணியையே ரெண்டு கேன் கொண்டாடான்னு கேட்டேன். வண்டியில கட்டி எடுத்துட்டு வந்தான். "அக்கா, இது ரொம்ப ஸ்ட்ராங்குக்கா"ன்னான். ஸ்ட்ராங்கா இருந்தாத்தான்டா நிக்கும்னு அவன் வாயை அடைச்சேன்.

ஊறவச்சேன். எங்க போர் தண்ணியில அலசினேன், அதுவும் உப்புதான். காஞ்ச துணி அப்பளம் மாதிரி விறைச்சு நின்னுச்சு. விடுவேனா? இஸ்திரி போட்டு மடக்கித் தச்சு, பிரம்மதேசத்து விவசாயி ஒருத்தருக்குக் குடுத்தேன். மழைக்காலத்துல உப்பு மூட்டை தானா கசியும்னு எங்க ஊர்ல பால்வாடிப் புள்ளைக்குக்கூடத் தெரியும். என் மரமண்டைக்கு மட்டும் அன்னைக்கு எட்டல. ஐப்பசி அடைமழையில அவரு குடை புடிச்சிக்கிட்டு வந்து நின்னாரு: "ஏம்மா, மழை வெளிய பேயுது, போர்வை வீட்டுக்குள்ள நனையுது. இதுக்குப் பேசாம நான் வரப்புலயே படுத்துக்கலாமே!"

தைக்காதீங்க, துவைங்க

அந்த மனுஷன் நல்லவரு. திட்டி முடிச்சதும், என் மோட்டார்ல நல்ல தண்ணி வருது, புடிச்சுக்கோன்னு சொல்லிட்டுப் போனாரு. அன்னையிலருந்து கடைசி அலசல் அந்தத் தண்ணியிலதான். அதைக் கொண்டாந்து குடுக்கிறதும் ஏழுமலைதான், அதே ரெண்டு கேன்ல.

போன வருஷம் ஆனி மாசம் ஒரு நாள், தண்ணியை இறக்கி வச்சவன் போகாம நின்னான். சட்டைக்குள்ளருந்து பேப்பர்ல சுத்தின ஒரு பொட்டலத்தை எடுத்தான். மஞ்சக் காட்டன், மூணு மீட்டர். அவன் பொண்டாட்டி கௌரிக்கு நாலாம் மாசம். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கரு நின்னு, ரெண்டும் தங்கல. ரெண்டாந்தடவை ஆசையில குட்டிச் சட்டை, தொட்டில் துணி எல்லாம் முன்னாடியே வாங்கி வச்சு, அப்புறம் அதையெல்லாம் யாருக்கோ தூக்கிக் குடுத்தவன் அவன். அது தெருவுக்கே தெரியும்.

பொறக்கறதுக்கு முன்னாடி எதையும் தைக்கக் கூடாதுன்னு கௌரி கண்டிப்பா சொல்லிட்டாளாம். பச்சப்புள்ளைக்குப் புதுத்துணியும் போடமாட்டாங்க எங்க பக்கம், பழசுதான் போடுவாங்க. அப்ப என்னதான் செய்யிறது? அவனே வழி கண்டுபிடிச்சிட்டு வந்திருந்தான். வாரா வாரம் ஒரு தண்ணி. புள்ள வர்றதுக்குள்ள துணி பழசாயிடணும். ஒவ்வொரு வாரமும் வந்து தொட்டுப் பாப்பான், மோந்து பாப்பான். "இன்னும் கடை வாசனை அடிக்குதுக்கா. இன்னொரு தண்ணி போடுங்க."

காயாத துணி

எட்டாம் மாசம், ஐப்பசி. திடீர்னு கௌரிக்கு வலி. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. சில நாள் பாத்துத்தான் எதுவும் சொல்ல முடியும்னுட்டாரு டாக்டர். சாயந்திரம் மாத்துத்துணி எடுக்க வந்த ஏழுமலை, நேரா என் வாசலுக்கு வந்தான். முகம் பாக்க முடியல. "அந்தத் துணியைக் குடுத்துடுங்கக்கா. கடல்ல விட்டுடறேன். நான் ஆசைப்பட்டு முன்னாடியே வாங்கினதாலதான்..."ன்னு சொல்லி நிறுத்திட்டான்.

துணி காஞ்சு, மடிச்சு, மெஷின் மேலயே இருந்துச்சு. என் முதுகு அதை மறைச்சுக்கிட்டிருந்துச்சு. எனக்கு எங்கருந்து அவ்வளவு கோவம் வந்துச்சோ! "ஈரமா கெடக்குதுடா. ஈரத்துணியை வீட்டை விட்டுத் தரமாட்டேன். காஞ்சதும் வந்து வாங்கிக்கோ, போ!"ன்னு கத்திட்டேன். அவன் தெரு முனை திரும்பினானோ இல்லையோ, துணியை வாளியில முக்கினேன்.

மறுநாளும் வந்தான். மத்தியானமே நனைச்சு வச்சிருந்தேன். அதுக்கு மறுநாளும் அப்படித்தான். நாலாம் நாள் பாழாப்போன மழை விட்டு, சுள்ளுன்னு வெயில் அடிச்சுத் தொலைச்சுது. அன்னைக்கு மூணு தடவை நனைச்சேன். மனசுக்குள்ள கௌரி பேரைச் சொல்லிக்கிட்டே பிழியாம கொடியில போட்டேன். ஏழுமலை வந்தான். வானத்தைப் பாத்தான். சொட்டிக்கிட்டிருந்த துணியைப் பாத்தான். "சரிக்கா, நாளைக்கு வர்றேன்."

மார்கழிப் பொண்ணு

ஆறாம் நாள் போன் வந்துச்சு, வலி நின்னுடுச்சு, வீட்டுக்கு அனுப்புறாங்கன்னு. மார்கழியில பொண்ணு பொறந்தா. சேதி வந்த நிமிஷமே கத்திரியை எடுத்தேன். மஞ்சள் வெளுத்து வெண்ணெய் கலருக்கு வந்திருந்துச்சு, கைக்கு அவ்வளவு மெத்து. ஒரே நாள்ல பாப்பாவுக்கு ஒரு குட்டி குவில்ட்டு விரிப்பு தச்சு முடிச்சேன்.

தீட்டு கழிஞ்சதும் புருஷனும் பொண்டாட்டியும் புள்ளையைத் தூக்கிட்டு வந்தாங்க. கௌரி விரிப்பைக் கன்னத்துல வச்சுப் பாத்துட்டு, பாப்பாவை அதுல படுக்க வச்சா. புள்ள ஒரு கொட்டாவி விட்டுட்டுத் தூங்கிடுச்சு. எனக்குப் பொய்யை மனசுல வச்சிக்கிட்டிருக்க முடியல. அன்னைக்குத் துணி காஞ்சுதான்டா இருந்துச்சு, நான்தான் தினமும் நனைச்சேன்னு சொல்லிட்டேன். ஏழுமலை சிரிச்சான், கண்ணு கலங்கியிருந்துச்சு: "எந்த வெயிலுக்கு எது எப்பக் காயும்னு பாத்துத்தானேக்கா உப்பளத்துல கஞ்சி குடிக்கிறேன், எனக்குத் தெரியாதா? காஞ்சிடுச்சுன்னு நீங்க சொல்லிடப் போறீங்களேன்னுதான் தினமும் பயந்துக்கிட்டே வந்தேன்."

தைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தண்ணி போட்டாப் போதும்னு ஊருக்கெல்லாம் சொல்றவ, ஒரே துணிக்கு முப்பது தண்ணி போட்டான்னு அந்த யூனிட்டுக்காரங்க கிட்ட மட்டும் போட்டுக் குடுத்துடாதீங்க.