போரான் போன கப்பல்

காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு வங்காளிக்காரர் வாசலில் வந்து நின்று, "மாஸ்டர்ஜி சலே கயே" என்றார். மாஸ்டர் போய்விட்டாராம். நான் எந்தக் கப்பலில் என்று கேட்டேன். போர்ட் பிளேரில் ஒருவர் போய்விட்டார் என்றால் மெயின்லேண்டுக்குப் போய்விட்டார் என்றுதானே பொருள்? அவர் என் தோளைத் தொட்ட பிறகுதான் புரிந்தது. இப்போதும் முழுதாகப் புரிந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன்.

ரசாயன ஆசிரியர் சுந்தரமூர்த்தி அவர்களை அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். அறுபதுகளில் எங்கள் இருவர் குவார்ட்டர்ஸுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவர் தும்மினால் எனக்குக் கேட்கும். நான் எட்டு வருடம் வேலை செய்வதாகப் பாண்டு எழுதிக் கொடுத்து வந்த குமாஸ்தா. ஆறு வருடம் முடிந்திருந்தது. கடைசியாக லீவில் போய்வந்த பிறகு பரமக்குடியில் என் மகள் பிறந்து, நடக்கவும் தொடங்கிவிட்டாள். நான் இன்னும் முகம் பார்க்கவில்லை. லீவு கேட்டால் கப்பலில் இடமில்லை என்பார்கள்.

ஒரு மாலை, பிள்ளைகளுக்கு அவர் பாடம் சொல்வது சுவர் வழியே கேட்டது. "பாண்டுக்கு எட்டுதான் ரூல். ஆனா விலக்கு இருக்கு. முதல் விலக்கு, போரான். ஆறோட சரி."

எனக்குக் கேட்டது, 'போறான், ஆறோட சரி' என்று. யாரோ ஒரு புண்ணியவான் ஆறு வருடத்திலேயே விலக்கு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறான்! மறுநாளே மனு எழுதினேன். முன்பு ஒருவருக்குக் கொடுத்ததுபோல எனக்கும் கொடுக்க வேண்டும் என்று. தலைமைக் குமாஸ்தாவான படா பாபு, யார் போனது, பெயர் என்ன என்று குடைந்தார். மாஸ்டருக்குத் தெரியும் என்றேன். மாஸ்டரையே கூப்பிட்டுவிட்டார்கள்.

அவர் மனுவைப் படித்தார், என்னைப் பார்த்தார். அலுவலகமே சிரிக்கக் காத்திருந்தது. அவர் சிரிக்கவில்லை. "வோ மேரா ஆத்மி ஹை, சாப்" என்றார். அந்தப் போரான் தம்முடைய ஆள்தானாம், தவறு தம்முடையதாம்.

திரும்பி நடக்கும்போதுதான் விளக்கினார். அவர் சொன்ன பாண்டு அணுக்களின் பிணைப்பாம். அணுக்கள் சேரும்போது வெளிச்சுற்றில் எட்டு எலக்ட்ரான் வைத்துக்கொள்ளப் பார்க்குமாம். பாஸ்பரஸ் பத்தும் வைத்துக்கொள்ளும், கந்தகம் பன்னிரண்டும் வைத்துக்கொள்ளும். போரான் என்பது ஒரு தனிமம், அது ஆறோடு நின்றுவிடும். வெட்கத்தில் எனக்குப் பாதிதான் ஏறியது. "அப்ப அது நிம்மதியா இருக்குமா சார், ஏங்கிக்கிட்டு இருக்குமா?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான். ரெண்டு இடம் காலியா இருக்கே. அம்மோனியா மாதிரி எதாச்சும் தன்கிட்ட இருக்குற ஜோடியக் கொண்டு வந்தா ஒட்டிக்கும்."

அடுத்த வாரம் சென்னைக் கப்பலில் போக ஒன்றும் வர ஒன்றுமாக இரண்டு டிக்கெட் கொண்டு வந்தார். அவர் தமக்காக வாங்கி வைத்திருந்தவை. கப்பல் ஆபீஸில் பேசி என் பெயருக்கு மாற்றியிருந்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். "ஜோடியாத்தான் கொடுக்கணும், பாண்டு பாக்கி இருக்கே" என்றார். கப்பல் கிளம்பும் சாத்தம் துறையில் கைகாட்டி, "போயிட்டு வாங்க" என்றார். மகளைப் பார்த்தேன். என்னைக் கண்டு வீறிட்டு அழுதாள். அதைவிட இனிய சத்தத்தை நான் கேட்டதில்லை.

அந்தக் கப்பலில் அவர் யாரைப் பார்க்கப் போகவிருந்தார்? பலமுறை கேட்டேன், பேச்சை மாற்றினார். அவருடைய பாண்டு முடிந்தும் ஊருக்குப் போகவில்லை. மணமும் செய்துகொள்ளவில்லை. நான் போரான், அவர்தான் ஜோடியைக் கொடுத்தவர் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், ஆறோடு நின்றவரும் அவரேதானோ என்று தோன்றுகிறது. குழம்பிப்போகிறேன். இப்போது யாரைக் கேட்பது?

பின்னாளில் என்னோடு இங்கேயே வந்துவிட்ட என் மகள், சுடுகாட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த முறை அவர் கையில் ஒரு டிக்கெட்தான், போவதற்கு மட்டும். அது தெரிந்தும் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

போயிட்டு வாங்க, சார்.